லினக்ஸ் மடிக்கணினியில் மேல்வரிசை விசைகள் சொன்னபடி கேட்காதபோது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லினக்ஸ் நிறுவிய மறுநாளே எழும் முதல் சந்தேகம் பெரும்பாலும் விசைப்பலகையின் மேல்வரிசையைப் பற்றியதாகவே இருக்கிறது. திரும்பத் திரும்பக் காதில் விழுந்த கேள்விகளை, கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். உபுண்டு, டெபியன், மின்ட், ஃபெடோரா ஆகியவற்றை மனத்தில் வைத்து எழுதியது. பிற வழங்கல்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் ஒலிப்பின்படி தமிழில் தந்திருக்கிறேன். முனையத்தில் (கட்டளைகளைத் தட்டச்சிடும் சாளரத்தில்) அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் இட வேண்டும். பெரிய எழுத்து தேவைப்படும் இடத்தில் தனியே சொல்லியிருக்கிறேன்.

எஃப்5 அழுத்தினால் பக்கம் புதுப்பிக்கப்படாமல் திரை மங்குகிறது. லினக்ஸ் போட்ட பிறகுதான் இப்படி. விசைப்பலகை கெட்டுவிட்டதா?

கெடவில்லை. மேல்வரிசை விசை ஒவ்வொன்றுக்கும் இரண்டு வேலைகள் உண்டு: ஒன்று எஃப்1, எஃப்2 என்ற பழைய வேலை; மற்றொன்று விசையின்மேல் படமாக அச்சிடப்பட்டிருக்கும் ஒலி, ஒளிர்வு, வைஃபை போன்ற வேலை. இவற்றில் எது நேரடியாகக் கிடைக்க வேண்டும், எது எஃப்என் விசையோடு சேர்த்து அழுத்தினால் கிடைக்க வேண்டும் என்பதைப் பெரும்பாலான மடிக்கணினிகளில் முடிவு செய்வது இயங்குதளம் அன்று, உள்ளே இருக்கும் ஃபர்ம்வேர், அதாவது வன்பொருளிலேயே பதிந்திருக்கும் நிரல். விண்டோஸில் தயாரிப்பாளரின் சிறுநிரல் ஒன்று அந்த முடிவை உங்கள் வசதிக்கு மாற்றி வைத்திருக்கக்கூடும். லினக்ஸில் அந்த நிரல் இல்லாததால், தொழிற்சாலையில் அமைத்த நிலை வெளியே தெரிகிறது.

முதலில் எஃப்என்னையும் எஸ்கேப்பையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள். எஸ்கேப் விசையின்மேல் சிறிய பூட்டுப் படம் இருந்தால் அதுதான் வழி; இதை எஃப்என் பூட்டு என்பார்கள். இல்லையென்றால் கணினி தொடங்கும்போது திறக்கும் பயாஸ் அமைப்புக்குள் செல்லுங்கள். எச்பி இயந்திரங்களில் ஆக்ஷன் கீஸ் மோட், லெனோவோ ஐடியாபேட் வரிசையில் ஹாட்கீ மோட், டெல்லில் ஃபங்ஷன் கீ பிஹேவியர் என்பன போன்ற பெயர்களில் இந்தத் தேர்வு இருக்கும். ஐடியாபேடுகள் பலவற்றில் பயாஸுக்குப் போகாமலேயே மாற்றலாம்: ஐடியாபேட்-லேப்டாப் என்ற டிரைவர் /சிஸ் அடைவின் உள்ளே எஃப்என்_லாக் என்ற கோப்பை வைக்கிறது, அதில் 0 அல்லது 1 எழுதினால் போதும்.

கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் அழுத்தினால் உரை முனையம் வரும் என்றார்கள். எனக்கு ஒன்றும் வரவில்லை.

முந்தைய பதிலில் சொன்னபடி, உங்கள் இயந்திரத்தில் படத்தில் உள்ள வேலைக்கு முன்னுரிமை இருக்கலாம். அந்நிலையில் எஃப்என்னையும் சேர்த்து நான்கு விசைகளாக அழுத்த வேண்டும். திரை உறைந்து நிற்கும் அவசரத்தில்தான் இந்த முனையம் தேவைப்படும் என்பதால், இயந்திரம் நலமாக இருக்கும்போதே ஒருமுறை பழகி வைத்துக்கொள்வது நல்லது.

கண்ட்ரோல் இருக்க வேண்டிய மூலையில் எஃப்என் உட்கார்ந்திருக்கிறது. இரண்டையும் இடம் மாற்ற முடியுமா?

இயங்குதளத்திலிருந்து பெரும்பாலும் முடியாது. எஃப்என் அழுத்தப்படுவதை விசைப்பலகையைக் கவனிக்கும் சிறு கட்டுப்பாட்டுச் சில்லு தன்னிடமே வைத்துக்கொண்டு, அதனோடு சேர்ந்து அழுத்திய விசையின் மாறிய எண்ணை மட்டுமே லினக்ஸின் மையமான கர்னலுக்கு அனுப்புகிறது. கர்னல் கண்ணில் படாத விசையை எந்த மென்பொருளாலும் மாற்றியமைக்க இயலாது. திங்க்பேடுகளின் பயாஸில் எஃப்என், கண்ட்ரோல் இரண்டையும் மாற்றிக்கொள்ளும் தேர்வு உண்டு. வேறு இயந்திரம் என்றாலும் முதலில் பயாஸில்தான் தேட வேண்டும்.

ஒலி விசை வேலை செய்கிறது, ஒளிர்வு விசை வேலை செய்யவில்லை. ஒரே வரிசை விசைகளுக்குள் ஏன் இந்தப் பாகுபாடு?

அவை ஒரே வரிசையில் இருந்தாலும் கர்னலை அடையும் வழிகள் வேறு வேறு. ஒலியைக் கூட்டும், குறைக்கும் விசைகள் பெரும்பாலும் எழுத்து விசைகளைப் போலவே சாதாரண விசைப்பலகை வழியில் வருகின்றன. ஆகவே அவை தவறுவது அரிது. ஒளிர்வு விசைகள் பல இயந்திரங்களில் ஏசிபிஐ என்ற ஃபர்ம்வேர் இடைமுகம் வழியே, 'வீடியோ பஸ்' என்ற தனிச் சாதனத்திலிருந்து வருகின்றன. மூன்றாவது வழி, தயாரிப்பாளர் தமக்கென வகுத்தது: வைஃபை, டச்பேட், மின்விசிறி வேகம், விசைப்பலகை விளக்கு போன்றவை டபிள்யூஎம்ஐ என்ற வாயிலில் வந்து நிற்கும், அவற்றை வாங்கிப் புரிந்துகொள்ள அந்தந்த நிறுவன இயந்திரங்களுக்கென எழுதப்பட்ட டிரைவர் வேண்டும். திங்க்பேட்_ஏசிபிஐ, அசூஸ்-என்பி-டபிள்யூஎம்ஐ, எச்பி-டபிள்யூஎம்ஐ, டெல்-டபிள்யூஎம்ஐ, ஏசர்-டபிள்யூஎம்ஐ என அந்தப் பட்டியல் நீளும்.

விசை கர்னலை அடைந்த பிறகும் பயணம் முடிவதில்லை. கர்னல் அதற்கு ஒரு பெயர் சூட்டி மேலே அனுப்ப, க்னோம், கேடிஇ போன்ற மேசைச்சூழல் (சாளரங்களையும் பட்டிகளையும் காட்டும் அடுக்கு) அந்தப் பெயரைப் பார்த்து உரிய வேலையைச் செய்ய, இறுதியில் ஒரு வன்பொருள் இடைமுகம் அந்த வேலைக்கு இணங்க வேண்டும். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்திருக்கிறது என்று தெரியாமல், யாரோ எங்கோ எழுதிய கர்னல் அளவுருவை (தொடக்கத்தில் கர்னலுக்குக் கொடுக்கும் அமைப்புச் சொல்லை) எடுத்து ஒட்டுவதுதான் இந்த விஷயத்தில் மிகுதியாக நேரத்தை விழுங்கும் பழக்கம் என்பது என் கருத்து.

சரி, எந்தக் கண்ணி என்று நானே எப்படிக் கண்டுபிடிப்பது?

ஈவிடெஸ்ட் என்ற சிறு கருவியை நிறுவி, சூடோ (நிர்வாகி உரிமை தரும் கட்டளை) சேர்த்து இயக்குங்கள். அது எல்லா உள்ளீட்டுச் சாதனங்களையும் எண்ணிட்டுக் காட்டும்: 'ஏடி டிரான்ஸ்லேட்டட் செட் 2 கீபோர்டு' என்பது சாதாரண விசைப்பலகை, 'வீடியோ பஸ்', 'இன்டெல் எச்ஐடி ஈவென்ட்ஸ்', 'திங்க்பேட் எக்ஸ்ட்ரா பட்டன்ஸ்', 'அசூஸ் டபிள்யூஎம்ஐ ஹாட்கீஸ்' போன்றவை மேலே சொன்ன மற்ற வழிகள். ஒவ்வொன்றாகத் தேர்ந்து, சிக்கல் தரும் விசையை அழுத்திப் பாருங்கள். ஒரு சாதனத்தில் ஒன்றும் வரவில்லை என்றவுடன் கைவிட்டுவிடாமல் அடுத்ததையும் பார்க்க வேண்டும். பலர் முதல் சாதனத்தோடு நின்றுவிடுகிறார்கள். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்க விரும்பினால் லிப்இன்புட் டீபக்-ஈவென்ட்ஸ் என்ற கட்டளையை, --ஷோ-கீகோட்ஸ் என்ற தேர்வோடு இயக்கலாம்.

கிடைப்பதைப் பொறுத்து வழி பிரிகிறது. ஈவிடெஸ்டில் சரியான பெயரோடு விசை தெரிந்தால் கர்னல் தன் வேலையைச் செய்துவிட்டது. குறை மேசைச்சூழலில் அல்லது வன்பொருள் இடைமுகத்தில் இருக்கிறது. 'அன்னோன்' என்றோ பொருந்தாத பெயரிலோ தெரிந்தால், பெயர் சூட்டுவதில் குறை. எங்குமே தெரியாவிட்டால் ஜர்னல்சிடிஎல் -கே -எஃப் என்ற கட்டளையால் கர்னல் பதிவைத் திறந்து வைத்துக்கொண்டு மீண்டும் அழுத்துங்கள். ஏசிபிஐடி நிறுவியிருந்தால் ஏசிபிஐ_லிசன் என்பதையும் பாருங்கள். மேசைச்சூழல் வரை விசை எட்டுகிறதா என்று அறிய, வேலேண்டில் டபிள்யூஇவி, எக்ஸ்11இல் எக்ஸ்இவி என்ற கருவிகள் உள்ளன (வேலேண்டும் எக்ஸ்11உம் திரையில் சாளரங்களைக் காட்டும் இரு முறைகள்). மேசைச்சூழல் தானே பிடித்துக்கொள்ளும் விசை இவற்றின் சாளரத்துக்கு வந்து சேராமல் போகலாம் என்பதால், இங்கே தெரியாத ஒன்றை உடனே பழுது என்று கொள்ள வேண்டாம்.

க்னோமில் எல்லாம் சரியாக இருந்தது. ஐ3க்கு மாறியதும் ஒலி, ஒளிர்வு எதுவும் இல்லை. எதை நிறுவாமல் விட்டேன்?

எதையும் விடவில்லை. க்னோமும் கேடிஇயும் இந்த விசைகளுக்குத் தாமே பொறுப்பேற்கின்றன. ஐ3, ஸ்வே, ஓபன்பாக்ஸ் போன்ற எளிய சாளர மேலாளர்களில் எந்த விசைக்கு என்ன வேலை என்பதை அமைப்புக் கோப்பில் நீங்கள்தான் எழுத வேண்டும். ஒலிக்கு டபிள்யூபிசிடிஎல் அல்லது பிஏசிடிஎல், ஒளிர்வுக்கு பிரைட்னஸ்சிடிஎல் என்ற கட்டளைகளை அந்தந்த விசைப் பெயரோடு இணையுங்கள். ஒளிர்வுக் கட்டளை சூடோ போட்டால் மட்டும் இயங்கினால், அது விசையின் குறை அன்று, அனுமதியின் குறை. பிரைட்னஸ்சிடிஎல் தரும் யூடெவ் விதி (சாதனத்துக்கான அனுமதியை அமைக்கும் கோப்பு) நிறுவப்பட்டிருக்கிறதா, உங்கள் பயனர் கணக்கு வீடியோ குழுவில் இருக்கிறதா என்று பாருங்கள்.

விமானப் படம் போட்ட விசையைத் தெரியாமல் அழுத்திவிட்டேன். வைஃபை போனது போனதுதான், மறுதொடக்கம் செய்தும் வரவில்லை.

மறுதொடக்கத்தால் தீராததற்குக் காரணம் இருக்கிறது: அணைக்கும்போது இருந்த நிலையை, தொடக்க, நிறுத்தப் பணிகளை நடத்தும் சிஸ்டம்டி குறித்து வைத்து, அடுத்த முறை அதையே மீட்டுத் தருகிறது. ஆர்எஃப்கில் லிஸ்ட் என்று இட்டுப் பாருங்கள். மென்தடை (சாஃப்ட் பிளாக்ட்) மட்டும் 'யெஸ்' என்றிருந்தால், ஆர்எஃப்கில் அன்பிளாக் ஆல் என்பது போதும்.

வன்தடை (ஹார்ட் பிளாக்ட்) 'யெஸ்' என்றிருந்தால் கட்டளையால் நீக்க இயலாது. பக்கவாட்டில் வைஃபைக்கான நகர்த்தும் பொத்தான் உள்ள பழைய இயந்திரமா என்று முதலில் பாருங்கள். அப்படி ஒரு பொத்தானே இல்லாத மடிக்கணினியிலும் தயாரிப்பாளருக்கான டிரைவர், இல்லாத பொத்தானை இருப்பதாக எண்ணி வன்தடை காட்டிய நிகழ்வுகள் உண்டு. ஐடியாபேட்-லேப்டாப் டிரைவரில் இது நெடுங்காலம் பேசப்பட்ட குறை. அந்த டிரைவரின் மாட்யூலை (கர்னலோடு தனியே சேரும் துண்டை) தற்காலிகமாக நீக்கிவிட்டு மீண்டும் ஆர்எஃப்கில் பட்டியலைப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். அதே மாட்யூல்தான் எஃப்என் பூட்டையும் கவனிக்கிறது என்பதால், நிரந்தரமாகத் தடுப்பதற்கு முன் புதிய கர்னலைச் சோதிப்பது மேல்.

ஒளிர்வு விசையை அழுத்தினால் திரையில் பட்டை ஏறி இறங்குகிறது. வெளிச்சம் மட்டும் அப்படியே இருக்கிறது.

விசையில் குறையில்லை, பின்னொளியைக் கட்டுப்படுத்தும் இடைமுகம் தவறானது. /சிஸ்/கிளாஸ்/பேக்லைட் அடைவில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். இன்டெல்_பேக்லைட், ஏஎம்டிஜிபியு_பிஎல்1 போன்றவை வரைகலை டிரைவர் நேரடியாகத் தருபவை; ஏசிபிஐ_வீடியோ0 என்பது ஃபர்ம்வேர் வழியே செல்வது. உள்ளிருக்கும் பிரைட்னஸ் கோப்பில், அருகிலுள்ள மேக்ஸ்_பிரைட்னஸ் மதிப்பைத் தாண்டாத ஓர் எண்ணைச் சூடோவோடு எழுதுங்கள். வெளிச்சம் மாறுகிற இடைமுகமே உங்களுடையது.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு பின்கதை உண்டு. 2012இல் விண்டோஸ் 8 வந்தபோது ஒளிர்வுக் கட்டுப்பாடு வரைகலை டிரைவரிடம் போனது. அதன்பின் வந்த பல இயந்திரங்களில் ஏசிபிஐ ஒளிர்வு வழி பெயரளவில் இருந்ததே தவிர, அதை யாரும் சோதித்ததாகத் தெரியவில்லை. அவற்றுக்கு ஏசிபிஐ_பேக்லைட்=நேட்டிவ் என்ற கர்னல் அளவுரு பொருந்தும். அதற்கு முந்தைய தலைமுறைக்கு, எடுத்துக்காட்டாகத் தமிழக அரசு 2011இல் மாணவர்களுக்கு வழங்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகளின் காலத்தவற்றுக்கு, வீடியோ அல்லது வெண்டர் என்ற மதிப்புகளையும் முயலலாம். 2022 டிசம்பரில் வெளிவந்த 6.1 கர்னல் முதல் ஒரு திரைக்கு ஒரே இடைமுகத்தை மட்டும் பதிவு செய்ய முயல்கிறார்கள். ஆகவே பழைய குறிப்புகளில் காணும் பெயர்கள் உங்கள் இயந்திரத்தில் இல்லாமல் போகலாம்.

அளவுருவை நேரே கோப்பில் எழுத வேண்டாம். தொடக்கத்தில் வரும் கிரப் பட்டியலில் இ என்ற எழுத்தை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் இறுதியில் சேர்த்து, கண்ட்ரோலும் எக்ஸும் அழுத்தினால் அந்த ஒருமுறைக்கு மட்டும் அது நடைமுறைக்கு வரும். பலித்தால் மட்டும் /ஈடிசி/டிஃபால்ட்/கிரப் கோப்பில் சேர்த்து, அப்டேட்-கிரப் கட்டளையை இயக்குங்கள். ஃபெடோராவில் கிரபி என்ற கருவி இதைச் செய்யும்.

ஏசிபிஐ_ஓஎஸ்ஐ என்று ஏதோ சேர்க்கச் சொல்கிறார்கள். சேர்க்கலாமா?

கடைசியில் மட்டும். ஃபர்ம்வேர் தொடக்கத்தில் "நீ எந்த விண்டோஸ்?" என்ற பொருளில் இயங்குதளத்தைக் கேட்கிறது. லினக்ஸ் கர்னல் வேண்டுமென்றே அத்தனை விண்டோஸ் பதிப்புகளுக்கும் "ஆம்" என்கிறது. ஏனெனில் தயாரிப்பாளர்கள் சோதித்துப் பார்ப்பது அந்தப் பாதையை மட்டுமே. "நான் லினக்ஸ்" என்று சொல்லும் வழக்கத்தையோ கர்னல் உருவாக்குநர்கள் 2007இல் 2.6.23 பதிப்பிலேயே இயல்புநிலையிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

ஒரு விண்டோஸ் பதிப்புக்கு மட்டும் "இல்லை" என்று சொல்லவைப்பதே இந்த அளவுருவின் வேலை. அதனால் ஒளிர்வு விசை உயிர்பெறலாம். அதே பதிலை நம்பியிருக்கும் டச்பேடோ மின்சேமிப்போ மாறிப்போகவும் கூடும். முந்தைய பதிலில் சொன்ன அளவுருவின் மதிப்புகள் மூன்றும் பலிக்காதபோது, கிரப்பில் ஒருமுறை மட்டும் சோதித்து, மற்ற வன்பொருளையும் சரிபார்த்த பிறகே வைத்துக்கொள்ளுங்கள்.

என் திரை ஓஎல்இடி. மேலே சொன்னதெல்லாம் செய்தும் பயனில்லை.

ஓஎல்இடிக்குப் பின்னொளி விளக்கு என்ற ஒன்றே கிடையாது. திரைக்குச் செல்லும் டிஸ்ப்ளேபோர்ட் இணைப்பின் துணைத்தடம் வழியே ஒளிர்வுக் கட்டளை போக வேண்டும். இன்டெல் வரைகலையில் ஐ915.எனேபிள்_டிபிசிடி_பேக்லைட் என்ற அளவுருவுக்கு முதலில் 1, பிறகு 3 என்று கொடுத்துப் பாருங்கள். எக்ஸ்ராண்டரில் பிரைட்னஸ் என்று இருப்பதை நம்ப வேண்டாம். அது நிறங்களைக் கருக்கிக் காட்டுகிறதே தவிர, உண்மையான ஒளிர்வு அளவைத் தொடுவதில்லை. வெளியே இணைத்த திரைக்கு மடிக்கணினியின் ஒளிர்வு விசை பெரும்பாலும் பொருந்தாது. அதற்கு டிடிசியூட்டில் என்ற தனிக் கருவி இருக்கிறது.

தனியாக வாங்கிய கீக்ரான் விசைப்பலகையில் எஃப்1 முதல் எஃப்12 வரை எதுவும் வரவில்லை. எஃப்என் பூட்டும் உதவவில்லை.

முதல் பதிலில் சொன்ன ஃபர்ம்வேர் விதிக்கு இது விலக்கு. கீக்ரானின் பல விசைப்பலகைகள் தம்மை ஆப்பிள் விசைப்பலகை என்று அறிவித்துக்கொள்வதால், கர்னல் அவற்றை எச்ஐடி_ஆப்பிள் டிரைவரிடம் ஒப்படைக்கிறது. இங்கே எஃப்என் பற்றிய முடிவை எடுப்பது அந்த டிரைவர். /சிஸ்/மாட்யூல்/எச்ஐடி_ஆப்பிள்/பாராமீட்டர்ஸ்/எஃப்என்மோட் கோப்பில் 2 என்று எழுதினால் எஃப் விசைகளுக்கு முன்னுரிமை கிடைக்கும். 1 என்றால் படத்தில் உள்ள வேலைக்கு. நிலைத்திருக்க வேண்டுமானால் /ஈடிசி/மாட்ப்ரோப்.டி அடைவில் ஒரு கோப்பு உருவாக்கி, ஆப்ஷன்ஸ் எச்ஐடி_ஆப்பிள் எஃப்என்மோட்=2 என்று எழுதி, உபுண்டு, டெபியனில் அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு இயக்க வேண்டும். மேக்புக்கில் லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கும் இதே மருந்துதான்.

ஈவிடெஸ்டில் மைக் முடக்கும் விசை அழகாகத் தெரிகிறது. எக்ஸ்11இல் மட்டும் எந்தக் கருவியிலும் தெரியவில்லை. எங்கே மறைகிறது?

எண்ணில் மறைகிறது. கர்னலில் மைக்மியூட் விசையின் எண் 248. எக்ஸ்11 எந்த விசை எண்ணோடும் 8 கூட்டிக்கொள்ளும். அது ஏற்கும் உச்ச எண் 255. 248உடன் 8 சேர்ந்தால் 256. ஒரே ஒரு எண்ணால் விசை வெளியே நின்றுவிடுகிறது. டச்பேட் மாற்று விசையின் எண் 530 என்பதால் அதற்கும் இதே கதி.

இதற்காகவே விசைப்பலகையில் யாரும் காணாத எஃப்20, எஃப்21 ஆகிய எண்களைக் கடனாக வாங்கியிருக்கிறார்கள். மைக் விசையை எஃப்20 ஆகவும், டச்பேட் மாற்று விசையை எஃப்21 ஆகவும் பதிவு செய்தால், எக்ஸ்11இன் விசைத்தளவமைப்பு அவற்றை மீண்டும் மைக், டச்பேட் என்றே புரிந்துகொள்ளும். பதிவு செய்யும் முறை அடுத்து வரும் 'அன்னோன் கீ' கேள்வியில் இருக்கிறது. வேலேண்டில் இந்த வரம்பு இல்லை.

புதிய மடிக்கணினியின் கோபைலட் விசைக்கு (மைக்ரோசாஃப்டின் செயற்கை நுண்ணறிவு உதவியாளரைத் திறக்கும் விசை) குறுக்குவழி வைக்கப் போனால் 'டச்பேட் ஆஃப்' என்று காட்டுகிறது. இது என்ன கூத்து?

மேலே சொன்ன கடன் கணக்கின் வட்டி இது. எஃப்22, எஃப்23 ஆகியவை டச்பேடை இயக்கவும் நிறுத்தவும் ஒதுக்கப்பட்டிருந்தன. 2024இல் வந்த கோபைலட் விசையோ தனக்கெனப் புதிய எண் வாங்காமல் சூப்பர் (விண்டோஸ் படம் உள்ள விசை), ஷிஃப்ட், எஃப்23 மூன்றையும் ஒரே நேரத்தில் அழுத்தியதுபோல் அனுப்புகிறது. எஃப்23 சாதாரண விசைப்பலகை வழியில் வரும் இயந்திரங்களில் கர்னல் அந்த விசையை அறியாமல் இருந்தது. அதற்கான திருத்தம் 2025இன் 6.14 கர்னலில் சேர்ந்தது.

வலப்பக்கக் கண்ட்ரோலை இழந்து இந்த விசையைப் பெற்றவர்கள், கீடி என்ற மறுவரையறைக் கருவியில் இந்த மூன்று விசைச் சேர்க்கையைக் கண்ட்ரோலாக மாற்றிக்கொள்ளலாம்.

கர்னல் பதிவில் 'அன்னோன் கீ பிரஸ்டு' என்று வருகிறது. கூடவே செட்கீகோட்ஸ் கட்டளையைப் பயன்படுத்தச் சொல்கிறது. செய்யட்டுமா?

இது நல்ல செய்தி: விசை கர்னல் வரை வந்துவிட்டது, பெயர்தான் இல்லை. செட்கீகோட்ஸ் உடனடிச் சோதனைக்கு உதவும், மறுதொடக்கத்தில் மறைந்துவிடும். நிலையான வழி, யூடெவின் வன்பொருள் தரவுத்தளத்தில் எழுதுவது. ஈவிடெஸ்டில் விசையை அழுத்தும்போது எம்எஸ்சி_ஸ்கேன் என்ற வரியில் வரும் மதிப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். செட்கீகோட்ஸ் அறிவுரையில் இ0 என்று தொடங்கும் எண்ணை இங்கே பயன்படுத்தக் கூடாது.

/ஈடிசி/யூடெவ்/எச்டபிள்யூடிபி.டி அடைவில் 90 என்று தொடங்கி .எச்டபிள்யூடிபி என்று முடியும் கோப்பொன்றை உருவாக்குங்கள். முதல் வரி இயந்திரத்தின் அடையாளம். அதை நீங்களாக எழுதுவதைவிட, கணினியில் ஏற்கெனவே இருக்கும் 60-கீபோர்டு.எச்டபிள்யூடிபி கோப்பில் உங்கள் நிறுவனத்தின் பகுதியைப் பார்த்து நகலெடுத்து மாதிரிப் பெயரை மாற்றுவது பாதுகாப்பானது. அடுத்த வரியில் ஓர் இடைவெளி விட்டு, கீபோர்டு_கீ_ என்பதைப் பெரிய எழுத்துகளிலும் அதைத் தொடர்ந்து ஸ்கேன் மதிப்பையும், சமக்குறிக்குப் பின் விசைப் பெயரைச் சிறிய எழுத்துகளிலும் எழுத வேண்டும். அந்த ஓர் இடைவெளியை விட்டுவிட்டால் வரி செல்லாது. இந்த வேலையில் நேரக்கூடிய தவறுகளிலேயே கண்ணுக்குச் சிக்காதது அதுதான். பிறகு சிஸ்டம்டி-எச்டபிள்யூடிபி அப்டேட், அதன்பின் யூடெவ்அட்ம் டிரிகர்.

ஒளிர்வு விசையை ஒருமுறை தொட்டால் கை எடுத்த பிறகும் ஏறிக்கொண்டே போகிறது.

விசை அழுத்தப்பட்டதைச் சொல்லும் ஃபர்ம்வேர், விடப்பட்டதைச் சொல்ல மறந்துவிடுகிறது. கர்னல் அது இன்னும் அழுந்தியிருப்பதாகவே நினைக்கிறது. ஈவிடெஸ்டில் மதிப்பு 1 வந்து 0 வராமல் இருந்தால் இதுவே காரணம். முந்தைய பதிலில் எழுதிய கோப்பிலேயே, சமக்குறிக்கும் விசைப் பெயருக்கும் இடையில் ஆச்சரியக்குறி ஒன்றைச் சேர்த்தால், கர்னல் அழுத்தியவுடன் தானே விடுவித்தும் விடும்.

இரட்டைத் துவக்கம் வைத்திருக்கிறேன். விண்டோஸுக்குப் போய்வந்தால் விசைகள் சில நேரம் தாறுமாறாகின்றன.

விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருக்கும்போது 'ஷட் டவுன்' என்பது முழு அணைப்பு அன்று. வன்பொருளின் சில பகுதிகள் விண்டோஸ் விட்ட நிலையிலேயே லினக்ஸிடம் வந்து சேரலாம். அதை அணைத்துவிடுங்கள். ஏற்கெனவே குழம்பியிருந்தால் கணினியை நிறுத்தி, மின்னேற்றியைப் பிரித்து, பவர் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடிப்பது பல இயந்திரங்களில் கட்டுப்பாட்டுச் சில்லைப் புதிதாகத் தொடங்க வைக்கும். உறக்கத்திலிருந்து எழும்போது மட்டும் விசைப்பலகை முழுவதும் மடிந்துபோனால், ஐ8042.ரீசெட் என்ற அளவுருவைக் கிரப்பில் ஒருமுறை சோதிக்கலாம்.

ஈவிடெஸ்ட், கர்னல் பதிவு, ஏசிபிஐ_லிசன் எதிலுமே ஒரு விசை தெரியவில்லை. இனி என்ன வழி?

பயாஸைப் புதுப்பியுங்கள், பல நிறுவனங்களின் இயந்திரங்களுக்கு எஃப்டபிள்யூயுபிடி வழியே லினக்ஸிலிருந்தே அது கிடைக்கும். பிறகு அண்மைக் கர்னல் உள்ள ஒரு வழங்கலை யூஎஸ்பியில் நேரலையாக ஏற்றிப் பாருங்கள். அங்கே விசை தெரிந்தால் உங்கள் நிறுவலில் கர்னலை மாற்றுவதோடு வேலை முடிகிறது. விண்டோஸிலும் தயாரிப்பாளரின் நிரலை நீக்கியதும் அந்த விசை இறந்துவிடுகிறது என்றால், அது அந்த நிரலோடு மட்டும் பேசும் டபிள்யூஎம்ஐ விசையாக இருக்க வாய்ப்பு மிகுதி. டிரைவரில் யாராவது சேர்த்தால்தான் உயிர்பெறும்.

சேர்க்க வைக்க கர்னலின் பிழைப்பதிவுத் தளமான பக்ஸில்லாவில் முறையாகப் பதிவு செய்யுங்கள். டிஎம்ஐடிகோட் தரும் மாதிரிப் பெயர், பயாஸ் பதிப்பு, கர்னல் பதிப்பு, ஏசிபிஐடம்ப் வெளியீடு, எந்த விசை எந்தக் கருவியில் தெரியவில்லை என்ற விவரம் ஆகியவற்றை இணைக்க வேண்டும். டிஎம்ஐடிகோட் வெளியீட்டில் இயந்திரத்தின் வரிசை எண்ணும் இருக்கும். பொதுவில் இடுவதற்கு முன் அந்த வரியை நீக்கிவிடுங்கள். யூடெவ் கோப்பு மூலம் நீங்களே சரிசெய்த விசையாக இருந்தால், அந்த இரண்டு வரிகளைச் சிஸ்டம்டி திட்டத்துக்கு அனுப்பலாம். ஏற்றுக்கொள்ளப்பட்டால் அதே மாதிரி வைத்திருப்பவர்களுக்கு அடுத்த பதிப்பில் எதுவும் செய்யாமலே அந்த விசை வேலை செய்யும்.